ஒரே புகார், இரண்டு பழுதுகள்: ஓடும்போது நின்றுபோன டீசல் வேன் குறித்த நிகழ்வு ஆய்வு

என்னிடம் வந்தது நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட பழைய வேன். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டீசலைப் பீய்ச்சும் முனைகளான நாசில்களுக்கு அதைப் பங்கிட்டு அனுப்புவது ரோட்டரி வகை டீசல் பம்ப். வேலைத்தாளில் புகார் ஒரே வரியாக எழுதப்பட்டிருந்தது: "சூடானதும் ஓடும்போது நின்றுவிடுகிறது." அதற்குக் கீழே, முந்தைய நான்கு மாதங்களில் மாற்றப்பட்டவற்றின் பட்டியல் நீளமாக இருந்தது. டீசல் ஃபில்டர் மூன்று முறை, பேட்டரி ஒரு முறை, பம்பின் மேலிருக்கும் கட்-ஆஃப் சோலனாய்டு ஒரு முறை மாற்றப்பட்டிருந்தன; கடைசியாக டீசல் பம்பையே கழற்றி, காலிப்ரேஷன் செய்து (அது அனுப்பும் டீசல் அளவைச் சரிபார்த்து அமைத்து), திரும்ப மாட்டியிருந்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு வண்டி முன்பு நின்றதைப் போலவே நின்றுகொண்டிருந்தது.

இந்த வகை எஞ்சினில் தீப்பொறிக்கு வேலை இல்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் இறுகிப்போகாமலும் காற்றுவழி அடைபடாமலும் நின்றால், நாசிலுக்கு டீசல் போகவில்லை என்றே பொருள். பம்பே கெட்டுப்போவதை விட்டால், டீசல் போகாமல் இருப்பதற்கு வழிகள் இரண்டு. டேங்கிலிருந்து பம்ப் வரை வரும் பாதையில் டீசல் தடைபடலாம். இல்லையேல் பம்புக்குள் வந்த டீசலை சோலனாய்டு தன் வாயை மூடி நிறுத்திவிடலாம். இந்த சோலனாய்டு, மின்சாரம் இருக்கும்வரை உள்ளிருக்கும் ஊசியை இழுத்துப் பிடித்து வழியைத் திறந்துவைக்கும். மின்சாரம் போனதும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும். சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்துவது இதன் மூலமாகத்தான். எனவே முதல் வழி டீசல் பழுது, இரண்டாம் வழி எலெக்ட்ரிக்கல் பழுது. இரண்டில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். இந்த வண்டியில் நான்கு மாதங்கள் வீணானதற்குக் காரணம், 'இரண்டில் எது' என்ற அந்தக் கேள்வியேதான்.

முந்தைய சோதனைகளும் அவற்றின் முடிவுகளும்

எனக்கு முன் பார்த்தவர்கள் கவனமில்லாமல் வேலை செய்தவர்கள் அல்லர். முதலாமவர், சோலனாய்டுக்கு வரும் மின்சாரத்தைச் சந்தேகித்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட தனி வயர் ஒன்றை இழுத்து, நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து, நேரடியாக சோலனாய்டில் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். இப்படி இணைத்தால் சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது, அந்த சுவிட்ச்தான் நிறுத்தும்; அதை அவர் மறக்கவில்லை. நாற்பது நிமிட ஓட்டத்தில் வண்டி நின்றது. ஆகவே "எலெக்ட்ரிக்கல் இல்லை" என்று முடிவு செய்து வயரைக் கழற்றிவிட்டார்.

இரண்டாமவர், டேங்கையும் டீசல் பாதையையும் சந்தேகித்து, சுத்தமான டீசல் நிரப்பிய தனி டப்பா ஒன்றை எஞ்சின் அருகே கட்டி, பம்பின் உள்வழிக் குழாயையும், மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் அதிலேயே விட்டு ஓட்டியிருக்கிறார். இதுவும் சரியான முறைதான். அப்போதும் வண்டி நின்றது. ஆகவே "டேங்க் லைன் இல்லை" என்று அவர் முடிவு செய்தார். மின்சாரமும் இல்லை, டேங்க் பாதையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பம்ப் ஒன்றுதான். அது காலிப்ரேஷனுக்குப் போனது.

ஒவ்வொரு படியும் தர்க்கப்படி சரி. ஆனால் முடிவு தவறு. ஒன்றை விலக்கிப் பார்த்து அடுத்ததற்குப் போகும் இந்த முறை, வண்டியில் ஒரே ஒரு பழுதுதான் உண்டு என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. இரண்டு பழுதுகள் ஒரே சமயத்தில் இருந்தால், ஒன்றைச் சரிசெய்து ஓட்டும்போது மற்றது வண்டியை நிறுத்தும். சரிசெய்தது பழுதே இல்லை என்று நாம் எழுதிவிடுவோம். இப்படி இரண்டுமே குற்றமற்றவை என்று விடுவிக்கப்பட்டு, குற்றமே செய்யாத பம்ப் தண்டிக்கப்படும். அந்த இரண்டு சோதனைகளிலும் பார்த்தவர்கள் வண்டி நின்றதா, நிற்கவில்லையா என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள். எப்படி நின்றது என்பதை யாரும் குறிக்கவில்லை.

ஓட்டுநரின் நினைவு

எனவே கருவி எதையும் எடுப்பதற்கு முன்பு ஓட்டுநரை உட்காரவைத்துப் பேசினேன். "எல்லாம் ஒரே மாதிரிதாண்ணே நிக்குது" என்றுதான் அவர் தொடங்கினார். ஒவ்வொரு சம்பவமாகப் பிரித்து, அந்த நேரத்தில் எந்த கியர், கால் எந்த மிதியில் இருந்தது, சத்தம் எப்படிக் குறைந்தது, செல்ஃப் எத்தனை முறை அடித்தீர்கள், மறுபடி கிளம்பும்போது புகை வந்ததா என்று கேட்கக் கேட்க, ஒரே மாதிரி என்பது இரண்டு மாதிரியாகப் பிரிந்தது. அவருக்குத் தெளிவாக நினைவிருந்தவை ஒன்பது சம்பவங்கள்.

அவற்றுள் நான்கில், நெரிசலில் மெதுவாக ஓட்டிக்கொண்டு கியர் மாற்றுவதற்காக கிளட்சை மிதித்த நேரத்தில், யாரோ சாவியைத் திருப்பியதைப் போல எஞ்சின் பட்டென்று நின்றிருக்கிறது. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சாவியைப் பின்னுக்கு எடுத்துத் திரும்பப் போட்டு ஒரு செல்ஃப் அடித்ததும், புகை இல்லாமல் கிளம்பியிருக்கிறது. வண்டி கியரில் ஓடும்போது சில தடவை ஒரு நொடி வெட்டு வெட்டித் தொடர்ந்ததும் உண்டு என்றார். அதை அவர் நின்றதாகவே கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

மற்ற ஐந்தில் கதை வேறு. முக்கால் மணி நேரம் நெடுஞ்சாலையில் வேகமாகவோ, நீண்ட ஏற்றத்திலோ போன பிறகு, ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலும் இழுவை கூடாமல், எஞ்சின் மூச்சு வாங்கி, ஏறி இறங்கி, பத்துப் பதினைந்து நொடிகளில் அடங்கியிருக்கிறது. உடனே செல்ஃப் அடித்தால் எடுக்காது. பத்து நிமிடம் காத்திருந்து, ஃபில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அமுக்கி, நீளமாகச் செல்ஃப் அடித்தால், வெண்புகையோடு தட்டித் தடுமாறிக் கிளம்பும்.

முந்தைய சோதனை ஓட்டங்களைப் பற்றியும் கேட்டேன். பேட்டரியிலிருந்து தனி வயர் போட்ட நாளில் மூச்சு வாங்கி நின்றதாம். டீசல் டப்பா கட்டிய நாளில் கிளட்சை மிதித்ததும் பட்டென்று நின்றதாம். இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்ட பிறகு, வண்டியில் இரண்டு பழுதுகள் இருக்கின்றன என்பதில் எனக்கு அதிகம் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் ஓட்டுநரின் நினைவு சாட்சிதான், அளவீடு அல்ல.

ஒரு சிறு குறிப்பும் பயன்பட்டது. வண்டி பட்டென்று நின்றபோதெல்லாம் டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கும் ஆயில் விளக்கும் எரிந்தனவா என்று கேட்டேன், எரிந்தன என்றார். அப்படியென்றால் இக்னிஷன் சுவிட்சிலிருந்து டாஷ்போர்டுக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. சுவிட்சே முழுவதுமாக விட்டுப்போயிருந்தால் அந்த விளக்குகளும் எரிந்திருக்காது. சோலனாய்டுக்குத் தனியாகப் பிரியும் கிளையில்தான் தேட வேண்டும்.

சோலனாய்டுக்கு வரும் மின்சாரம்

சோலனாய்டின் முனையிலிருந்து 2 வாட் பல்பு ஒன்றை இணையாக எடுத்து, ஓட்டுநரின் கண்ணில் படும்படி டாஷ்போர்டின் மேல் ஒட்டினேன். பெரிய பல்பு போட்டால் அந்தக் கிளையில் ஓடும் மின்னோட்டமே கூடி, பழுதின் நடத்தையே மாறிவிடும். வெறும் மல்டிமீட்டரை மட்டும் நம்பினாலோ வேறொரு ஏமாற்றம் காத்திருக்கும். சோலனாய்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு, வயரின் முனையை டிஜிட்டல் மீட்டரால் அளந்தால், ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும்; ஏனெனில் மீட்டர் இழுப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சுமை ஏற்றிய நிலையில், அதாவது சோலனாய்டு மாட்டியிருந்து எஞ்சின் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். முந்தைய வேலைத்தாள் ஒன்றில் "சோலனாய்டு வயரில் 12 வோல்ட் வருகிறது, சரி" என்று இருந்தது. பிளக்கைக் கழற்றி அளந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பல்பைச் சற்று நேரம் கழற்றி வைத்துவிட்டு அளந்தபோது, ஆறிய எஞ்சின் ஓடுகையில் பேட்டரியில் 14.1 வோல்ட்டும் சோலனாய்டு முனையில் 13.8 வோல்ட்டும் இருந்தன. அரை மணி நேரம் ஓடிய பின் பேட்டரியில் அதே 14.1, சோலனாய்டில் 11.9. நடுவில் 2.2 வோல்ட் எங்கோ காணாமல் போகிறது. சோலனாய்டின் சுருள் 11 ஓம். ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.1 ஆம்பியர். அப்படியானால் வழியில் ஒளிந்திருக்கும் எதிர்ப்பு சுமார் 2 ஓம், அந்த இடத்தில் வெப்பமாக மாறுவது ஏறக்குறைய 2.4 வாட். ஒரு ஹீட்டருக்கு இது ஒன்றுமே இல்லை. பட்டாணி அளவுள்ள ஒரு வயர் இணைப்புக்கு இது மிக அதிகம். சூடேறினால் இணைப்பு மேலும் கெடும், கெட்டால் மேலும் சூடேறும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம்: 11.9 வோல்ட்டில் சோலனாய்டு கைவிடுமா? கைவிடாது. வண்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தபோது இந்த சோலனாய்டு 8 வோல்ட்டில் ஊசியை இழுத்தது. இழுத்த பிறகு 4 வோல்ட் வரை விடாமல் பிடித்திருந்தது. ஆகவே அந்த 2.2 வோல்ட் இழப்பு வண்டியை நிறுத்தவில்லை. இணைப்பு ஒன்று சாகக் கிடக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. வண்டியை நிறுத்துவது அந்த இணைப்பு ஒரு கணம் முழுவதுமாக விட்டுப்போகும் நேரம்.

பல்பை மீண்டும் மாட்டி ஓட்டியபோது அந்தக் கணத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்ற கிளட்சை அமுக்கினேன். பல்பு ஒரு முறை சிமிட்டியது. அடுத்த மிதியில் அணைந்தது, எஞ்சினும் நின்றது. காலை எடுத்ததும் பல்பு எரிந்தது. வண்டியை ஓரம்கட்டி, மிதிகளுக்கு மேலே தலையை நுழைத்து, விளக்கடித்துப் பார்த்தால், கிளட்ச் மிதியின் தாங்கிக்குப் பக்கத்தில், கட்டப்படாமல் தொங்கிய வயர்க் கட்டு ஒன்று மிதியின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விரல்கடை நகர்ந்தது. எப்போதோ பொருத்தப்பட்ட திருட்டு அலாரத்தின் வயர்கள் அவை. அலாரம் வேலை செய்வதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்காக சோலனாய்டின் வயரை வெட்டி நடுவில் புகுத்தியிருந்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டும் அங்கேயே இருந்தது. வெட்டிய முனைகளை ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சால்டர் வைக்கவில்லை, உலோகக் குழலில் நுழைத்து அழுத்தும் கிரிம்ப்பும் அடிக்கவில்லை. டேப்பின் பசை உருகிப் பழுப்பு நிறத்தில் வழிந்திருந்தது. அதைப் பிரித்தபோது செம்பு கறுத்து, சில இழைகள் பச்சை பூத்து, கையோடு ஒடிந்து வந்தன.

பட்டென்று நிற்பது ஏன் எப்போதும் கிளட்சை மிதிக்கும்போதே நடந்தது என்பதற்கும் இதில் விடை இருந்தது. மிதி அந்த இணைப்பை அசைத்தது ஒரு பாதி. மறு பாதி, கிளட்ச் மிதிபட்ட நிலையில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை என்பது. டீசல் ஒரு கணம் வெட்டுப்பட்டாலும் எஞ்சின் அடங்கிவிடும். கியரில் ஓடும்போது அதே வெட்டு ஏற்பட்டால், உருளும் சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்சாரம் திரும்பியதும் அது மறுபடி பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் சொன்ன ஒரு நொடி வெட்டு அதுதான்.

ரிலேயை அகற்றி, வயரை ஒரே துண்டாக கிரிம்ப் செய்து, மேலே சுருங்கும் குழாய் போட்டு மூடி, வயர்க் கட்டை அசையாமல் கட்டினேன். சூடான நிலையில் சோலனாய்டு முனையில் 13.9 வோல்ட் நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் வண்டியை ஒப்படைத்துவிடுவார்கள். ஓட்டுநரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

பம்புக்கு வரும் டீசல்

மறுநாள் நீண்ட ஓட்டத்துக்கு எடுத்துச் சென்றபோது, நாற்பத்திரண்டாவது நிமிடத்தில், ஏற்றத்தில், வண்டி மூச்சு வாங்கி நின்றது. டாஷ்போர்டில் பல்பு கடைசி வரை அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. முதல் வேலை வீண் என்று இந்த இடத்தில் ஓட்டுநரின் முகம் சொன்னது. எனக்கோ அது மிகத் தெளிவான ஒரு சோதனை முடிவு: மின்சாரம் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, டீசல் வரவில்லை.

இந்த அமைப்பில் டேங்கில் மின்பம்ப் இல்லை. ரோட்டரி பம்புக்குள்ளேயே இருக்கும் இறகுப் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. எனவே டேங்க் முதல் பம்ப் வரையுள்ள பாதை முழுவதும் உறிஞ்சும் பக்கம். அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும்; அடைப்பு இருந்தால் வெற்றிடம் ஏறும். ஏர் எடுக்கிறதா, அடைக்கிறதா என்பதைப் பிரித்தறிய, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற தெளிந்த ஹோஸ் ஒரு துண்டையும், டி இணைப்பில் வெற்றிட மீட்டர் ஒன்றையும் பொருத்தினேன்.

ஆறிய நிலையில், ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) மீட்டர் 0.08 பார் வெற்றிடம் காட்டியது, இது இயல்பு. நாற்பது நிமிட ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை நிமிடத்துக்கு 3,000 சுற்றில் பிடித்தபோது 0.15க்கு ஏறியது, சற்று நின்றது, பிறகு 0.3, அங்கிருந்து பத்து நொடிக்குள் 0.55. அதே நேரத்தில் தெளிந்த ஹோஸில் நுண்ணிய குமிழிகள் நுரை போல ஓடத் தொடங்கின. எஞ்சின் திணறி நின்றது.

குமிழியைக் கண்டதும் ஏர் எடுக்கிறது என்று சொல்லத் தோன்றும். முந்தைய பட்டறை ஒன்றில் அப்படித்தான் சொல்லி எல்லா கிளாம்ப்களையும் இறுக்கியிருந்தார்கள். ஆனால் டீசலில் காற்று எப்போதும் கரைந்தே இருக்கும். வெற்றிடம் ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததைப் போல, கரைந்த காற்று குமிழியாகப் பிரியும். ஓட்டையில்லாத குழாயிலும் அடைப்பு இருந்தால் குமிழி வரும். இந்த இரண்டையும் பிரித்துக்காட்டியது, எஞ்சின் நின்ற பிறகு மீட்டரின் முள் நடந்துகொண்ட விதம். ஓட்டை இருந்திருந்தால் காற்று புகுந்து முள் உடனே பூஜ்யத்துக்கு விழுந்திருக்கும். இங்கே முள் 0.5க்குப் பக்கத்திலேயே நின்று, பல நிமிடங்களில் மெல்ல மெல்ல இறங்கியது. ஃபில்டர் தலையின் கைப்பம்பை அப்போது அமுக்கினால், அமுங்கிய குமிழ் மேலே எழ மறுத்து, கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் முதல் செல்ஃபிலேயே வண்டி எடுத்துக்கொள்கிறது என்பதும் இதோடு பொருந்தியது. காற்று புகும் பாதையாக இருந்தால் இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கி, காலையில் நீளமாகச் செல்ஃப் அடிக்க வேண்டி வந்திருக்கும்.

ஆக, இது அடைப்பு. மீட்டரை ஃபில்டருக்கு முன்னால் மாற்றினேன். அங்கேயும் அதே 0.5. ஃபில்டர் தப்பித்தது. டேங்க் மூடியைத் திறந்துவைத்து ஓட்டினேன், காற்று உள்ளிழுக்கும் சத்தம் இல்லை, அளவிலும் மாற்றம் இல்லை, மூச்சுத்துளை அடைபடவில்லை. டேங்குக்குள்ளிருக்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வலை சுத்தமாக இருந்தது, டேங்கின் அடியிலும் சொல்லும்படியாகக் கசடு இல்லை. மிச்சம் இருந்தவை சட்டத்தோடு ஓடும் இரும்புக் குழாயும், அதை டேங்கோடு இணைக்கும் ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸும், அதன் மறுமுனையில் உள்ள ரப்பர் துண்டும்.

இந்தப் பாதையையும் முன்பு சோதித்திருக்கிறார்கள். ஃபில்டர் பக்கத்திலிருந்து கம்ப்ரஸர் காற்றை அடித்தபோது டேங்கில் கொப்பளித்தது. பாதை சுத்தம் என்று எழுதியிருந்தார்கள். நானும் அதையே செய்தேன், தாராளமாகப் போனது. பிறகு டேங்க் பக்க ரப்பர் ஹோஸை மட்டும் கழற்றி, டீசல் ஓடும் திசையில், எஞ்சின் பக்க முனையில் கைவெற்றிடப் பம்பை வைத்து, மறுமுனையைச் சூடாக்கிய டீசலில் தோய்த்து உறிஞ்சினேன். முதலில் டீசல் ஏறியது. இழுவையைக் கூட்டியதும் நின்றுவிட்டது.

ஹோஸை நீளவாக்கில் பிளந்தபோது காரணம் தெரிந்தது. வெளித்தோல் புதியதைப் போல இருந்தது. கிளாம்ப் போட்ட இடத்தில்கூட வெடிப்பில்லை. உள்ளே, ரப்பரின் உள்படலம் டீசலில் ஊறி, தடித்து, டேங்க் பக்க முனையில் ஒரு கட்டைவிரல் நக அளவுக்கு நாக்குப் போல உரிந்து, எஞ்சின் பக்கம் நோக்கிச் சாய்ந்திருந்தது. டீசலுக்கு ஏற்காத ரப்பரை எப்போதோ மாட்டியிருக்கிறார்கள். எஞ்சின் பக்கமிருந்து காற்று அடித்தால் அந்த நாக்கு சுவரோடு படுத்து வழிவிடும். எஞ்சின் பக்கத்துக்கு உறிஞ்சினால் நிமிர்ந்து வழியை அடைக்கும். ஒருவழிக் கதவு ஒன்று, தவறான பக்கத்துக்குத் திறக்கும்படி தானாகவே உருவாகியிருந்தது. ரிட்டர்ன் டீசல் பம்பின் சூட்டைச் சுமந்து டேங்குக்குத் திரும்புவதால், நாற்பது நிமிடத்தில் டேங்கின் டீசல் வெதுவெதுப்பாகி ரப்பர் இளகும். வேகமும் ஏற்றமும் சேர்ந்து டீசல் அதிகம் தேவைப்படும்போது நாக்கு எழும்பும். வண்டி நின்று, வெற்றிடம் மெல்லக் கசிந்து தணிந்ததும் நாக்கு தளரும். பத்து நிமிடக் காத்திருப்பின் இரகசியம் அதுதான். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றிய பிறகும் வண்டி சில நாள் ஒழுங்காக ஓடியதாகச் சொன்னார்கள். ஃபில்டரைக் கழற்றும்போதே வெற்றிடம் முழுவதும் தணிந்திருக்கும், அடுத்த சில நாள் ஓட்டம் சிறியதாக இருந்திருக்கும்.

சரிபார்ப்பு

டீசலுக்கு உரிய ஹோஸ் மாட்டி, பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும் ஏர் பிளீடிங் செய்து, அதே ஏற்றத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். மீட்டர் 0.1ஐத் தாண்டவில்லை. ஆயினும் விட்டுவிட்டு வரும் பழுது வராமல் இருப்பது, அது போய்விட்டது என்பதற்குச் சான்றாகாது. ஆகவே பிளந்து பார்க்காமல் விட்டிருந்த இன்னொரு துண்டை மீண்டும் மாட்டினேன். இரும்புக் குழாயின் மறுமுனையில், அதே ரப்பரில் வெட்டிய அந்தத் துண்டு இருந்தது. அதையும் புதிய ஹோஸ் போடும்போதே கழற்றி வைத்திருந்தேன். அதை மாட்டி ஓட்டிய ஐம்பதாவது நிமிடத்தில் மீட்டர் 0.25க்கு ஏறியது; எஞ்சின் நிற்கவில்லை, இழுவை மட்டும் குறைந்தது. கழற்றியதும் மீட்டர் 0.1க்கு இறங்கியது. முதல் துண்டை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் சில மாதங்களில் வண்டி திரும்பி வந்திருக்கும்.

பம்பைப் பற்றிச் சில சொற்கள். சூடானபின் நிற்கும் ரோட்டரி பம்ப் வண்டிகளில், பம்பின் தலை தேய்ந்து, சூட்டில் நீர்த்த டீசல் உள்ளேயே கசிவதும் உண்மையான ஒரு காரணம்தான். அப்படியிருந்தால் ஓடும் வண்டி நிற்பதைவிட, நிறுத்திய சூடான வண்டி மறுபடி எடுக்க மறுப்பதே முதல் அறிகுறியாக இருக்கும். சூடான பம்பின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றி எடுக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. நுண்ணிய இடைவெளியில் சுழலும் பாகத்தை இறுகவைத்து நல்ல பம்பையும் கெடுக்கும் வழி அது, நான் செய்வதில்லை. பம்பைத் திரும்ப மாட்டியவர்கள் குழாய்களைப் பம்போடு இணைக்கும் உள்வழி, வெளிவழி பேன்ஜோ போல்ட்களை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. வெளிவழிப் போல்ட்டின் உள்ளே மட்டும் ஊசிமுனை போன்ற துளை இருக்கும். அதை உள்வழியில் போட்டால் பம்ப் பட்டினி கிடக்கும். இங்கே சரியாகவே போட்டிருந்தார்கள்.

எல்லா நாசில்களுக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் வண்டியாக இருந்தால் கேள்வி அதேதான், கருவி வேறு. அங்கே ஸ்கேனரில் கேட்கப்பட்ட ரெயில் அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிற்கும் கணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அழுத்தம் முதலில் சரிந்து எஞ்சின் பிறகு நின்றால் டீசல் பக்கம் போக வேண்டும். எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கும்போதே சுற்றுக் கணக்கு திடீரென்று பூஜ்யமானால் கிராங்க் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். ஸ்கேனரின் தொடர்பே அறுந்துபோனால் மெயின் ரிலேயும் எர்த்தும் சந்தேகத்துக்குரியவை. பழைய எஞ்சினில் செய்வதைப் போல நாசில் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. 1,000 பாருக்கு மேல் போகும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

ஒப்படைக்கும் முன் ஒரு வேலை மிச்சமிருந்தது. காலிப்ரேஷன் முடிந்து வந்தபோது, வண்டி நிற்காமல் இருக்கட்டும் என்று யாரோ ஐடிலிங்கை 1,050 சுற்றுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதை 800க்கு இறக்கி, பல்பையும் மீட்டரையும் கழற்றாமல், இம்முறை ஓட்டுநரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்தேன். ஒன்றரை மணி நேரம் போனோம். திரும்பும் வழியில் நெரிசலில் கிளட்சை எண்ணற்ற முறை மிதித்தார். பல்பு சிமிட்டவில்லை, முள் 0.1க்கு மேல் போகவில்லை. பல்பைக் கழற்றப் போனபோது, இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். விட்டுவைத்தேன்.